முக்கால் முக்கால் விநாடியாக ஒரு குரல்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அங்கிள், கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. கடையில குடுத்து மதர்போர்டு மாத்தினம். இப்ப பழைய ஹார்ட் டிஸ்க் வெறுமையாய்க் காட்டுது." நான் கேட்கும் முதல் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான். "ஏதாவது பட்டனை அமத்தினீங்களோ?" மறுமுனையில் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தின் நீளத்தை வைத்தே சேதம் எவ்வளவு என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் கதை வேறு. சேமித்த தகவல்களைப் பூட்டுகிற சாவி பல நேரங்களில் மதர்போர்டிலேயே இருக்கிறது. அது எரிந்தால் சாவியும் போய்விடும். தகவலைச் சேமிக்கும் பாகத்தையே போர்டில் ஒட்டிவைத்துவிடுகிறார்கள். அதனால்தானோ என்னவோ, நான் வேலை செய்த இடத்தில் இருக்கும் இளையவர்கள், பழைய டிஸ்க்குகளோடு நான் பட்ட பாட்டை எழுதித் தரச் சொன்னார்கள். நான் பார்த்ததிலேயே கடினமான வேலை எது என்று கேட்டார்கள். அதை எழுத வேண்டுமென்றால் புஷ்பா மிஸ்ஸைப் பற்றி எழுதாமல் முடியாது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்தவன். மாலையில் கல்லூரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் திருத்தப் படித்தேன். விசா, கல்யாணம், கிங்ஸ்பரியில் ஒரு வீடு என்று சில வருடங்கள் ஓடின. பிறகு சட்டனில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பழுதான டிஸ்க்குகளிலிருந்து தகவல்களை மீட்டுக் கொடுப்பதுதான் அவர்களின் தொழில். லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய் வரவேண்டும். ஆனாலும் ஒரு நாளும் அலுக்கவில்லை.

அங்கே எனக்கு மேலதிகாரி புஷ்பா. மலேசியாவில் ஈப்போக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்; பேச்சின் முடிவில் மலேசியத் தமிழரின் 'லா' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். லண்டனில் மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது வாயில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையைக் கூப்பிடுவது போல முதல் நாளே "மிஸ்" என்றுவிட்டேன்.

"நான் உங்களவிடச் சின்னவ, நாதன்" என்று சிரித்தார். ஆனால் அதுவே நிலைத்துவிட்டது. பிறகு வெள்ளைக்காரர்களும் அவரை மிஸ் என்றார்கள்.

அவர் வேலை செய்கிற முறையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு டிஸ்க் வந்தால் முதலில் அதைத் தொடமாட்டார். நாலு பக்கமும் திருப்பிப் படம் எடுக்கச் சொல்வார். மூக்கருகே கொண்டுபோய் எரிந்த வாசம் வருகிறதா என்று பார்ப்பார். நகத்துக்குப் பூசும் சிவப்புச் சாயத்தால் டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். பேனா மை அழியும், ஒட்டிய காகிதம் கழன்றுவிடும், இது போகாது என்பது அவர் கணக்கு. அந்தச் சாயத்தை அவர் நகத்தில் ஒரு நாளும் கண்டதில்லை. மின்சாரம் கொடுக்கும்போது ஸ்க்ரூ டிரைவரின் முனையை டிஸ்க்கின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். நல்ல டிஸ்க் இரையும். கெட்டது தட்டும். அதற்குப் பிறகு செய்கிற ஒரே வேலை, முழு டிஸ்க்கையும் புதிய டிஸ்க் ஒன்றில் அப்படியே நகல் எடுப்பது. மற்ற எல்லா முயற்சியும் நகலில்தான். மூல டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. இந்த ஒழுங்கு பிசகி அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

வாடிக்கையாளருக்குக் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் அவரே தொலைபேசி எடுப்பார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு பேசுவார். "கவலைப்படாதீங்க" என்ற சொல் அவர் வாயில் வராது. ஏன் மிஸ் என்று ஒருமுறை கேட்டேன். "கவலைப்படுறதா வேணாமான்னு அவங்களுக்குத் தெரியும். நமக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்வோம்" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் நன்றாக உடுத்த ஒருவர் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து, அதில் அழிந்த கடிதங்களை எடுத்துத் தரச் சொன்னார். மிஸ் கேட்டது ஒன்றே ஒன்று: "இது யாருடைய கம்ப்யூட்டர்?" மனைவியுடையது என்றார் அவர். "அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க." அவர் சத்தம் போட்டார். நிறுவனத்தின் உரிமையாளரிடம் முறையிடுவேன் என்றார். மிஸ் கணினியை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு குழந்தையைக் கொடுப்பது போல மெதுவாக அவரிடம் திருப்பிக் கொடுத்தார். உள்ளே இருப்பதைத் திறக்க முடிகிறவன் திறக்கக் கூடாததையும் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்று எனக்குப் பட்டது.

இனி அந்தக் கடினமான வேலைக்கு வருகிறேன்.

ஒரு காலை, வட லண்டனில் இருக்கும் எட்மண்டனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வசந்தமலர், அறுபதைத் தாண்டிய அம்மா. கூட வந்தவர் சிறி. எட்மண்டனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். ஒரு துணிப்பையில் இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்குகள். அம்மா அமைதியாக இருந்தார். சிறி பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அம்மாவின் கணவர் முன்பு கார் ஓட்டப் பழக்குபவர். எட்மண்டனில் பல தமிழர்களுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த மாஸ்டர். சிறியும் அவரிடம் ஓட்டப் பழகியவர்தான். மாஸ்டருக்குத் தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் வந்திருந்தது. கை போயிற்று, கால் போயிற்று, குரலும் போகும் என்று வைத்தியர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கண் பார்வையால் இயங்கும் ஒரு பேச்சுக் கருவி கிடைக்கும், ஆனால் அது இயந்திரக் குரலில் ஆங்கிலத்தில் பேசும். உங்கள் சொந்தக் குரலில் தேவையான வசனங்களைப் பதிந்து வைத்தால் பிறகு அதில் ஏற்றலாம் என்றும் சொன்னார்கள். மாஸ்டர் குரல் இருந்த காலத்தில் தினமும் கம்ப்யூட்டர் முன் இருந்து, வீட்டில் பேசுகிற வசனங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் பதிந்திருக்கிறார். கருவி வருவதற்குள் குரல் போய்விட்டது. கருவி வந்தபோது கம்ப்யூட்டர் எழும்பவில்லை.

"வேற கொப்பி எடுத்து வைக்கேல்லையோ அம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்குது தம்பி. ஒண்டு போனாலும் மற்றது இருக்கும் எண்டு நினைச்சம்."

எத்தனையோ பேர் இப்படி நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். மாஸ்டரின் கம்ப்யூட்டரைக் கட்டியவர், வேகத்துக்காக இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக இணைத்திருந்தார். அப்படி இணைத்தால் ஒரு பதிவின் முதல் துண்டு ஒரு டிஸ்க்கில் இருக்கும், அடுத்த துண்டு மற்றதில், மூன்றாவது மறுபடி முதலாவதில். இரண்டிலும் பாதிப் பாதிதான். எந்தத் துண்டு எங்கே என்று தெரிந்தது பழைய மதர்போர்டுக்கு மட்டும். சிறி புதிய மதர்போர்டை மாட்டியபோது அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டும் வெற்று டிஸ்க் என்றது.

மிஸ் சிறியைப் பார்த்து, "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. மாத்தினன், காட்டேல்லை, அவ்வளவுதான்."

மிஸ் எழுந்து போய் நான்கு கோப்பைத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அம்மாவிடம் மாஸ்டரைப் பற்றி விசாரித்தார். பிறகு சிறியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் போலீஸ் இல்ல லா. உங்க மேல தப்பு கண்டுபிடிக்க வரல. டிஸ்க்ல எந்த இடத்தில புதுசா எழுதியிருக்குன்னு தெரிஞ்சா, அந்த இடத்தை விட்டுட்டு மத்த இடத்தைத் தேடலாம். தெரியாட்டி இருட்டில தேடணும். அவருக்காகச் சொல்லுங்க."

சிறி தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர், புது இணைப்பு ஒண்டு உருவாக்கவோ எண்டு கேட்டது. பழையதைத்தான் திருப்பித் தரப்போகுதாக்கும் எண்டு நினைச்சு ஓம் எண்டு அமத்தினன். பிறகு பாத்தா எல்லாம் வெறுமை. எனக்கு நெஞ்சே நிண்டு போச்சு. உடன கரண்டை நிப்பாட்டிப்போட்டன்."

"அதுக்கப்புறம் விண்டோஸ் போட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லை அக்கா. தொடவே இல்லை. எது முதலாவது டிஸ்க், எது ரெண்டாவது எண்டும் குறிக்கேல்லை. கழட்டிப்போட்டன்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது புதுச் செய்தி.

மிஸ் அம்மாவிடம் சொன்னார்: "இவர் அமுக்கினதால பழைய இணைப்பைப் பத்தின குறிப்பு அழிஞ்சிருக்கும். அது டிஸ்க்கோட கடைசியில ஒரு சின்ன இடம். ஆனா உடனே நிறுத்தினாரே, அதனாலதான் மிச்சம் இருக்க வாய்ப்பு இருக்கு. பல பேர் நிறுத்த மாட்டாங்க."

சிறி கையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அவர் முதுகில் தட்டி, "சரி, சரி, தேத்தண்ணியைக் குடி" என்றார்.

வேலை தொடங்கியது. முதல் டிஸ்க் இரைந்தது. ஒரு சிக்கலும் இல்லாமல் நகல் எடுத்தோம். இரண்டாவதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்ட மிஸ், கைப்பிடியை என் காதுக்கு நீட்டினார். இரைச்சலுக்கு நடுவே இடையிடையே ஒரு சின்னத் தட்டல். வாசிக்கும் முனை களைத்துப்போன டிஸ்க்.

"நோகிற இடத்தை முதல்ல அமுக்கக் கூடாது" என்றார் மிஸ். முதலில் சுலபமாகத் தருகிற பகுதிகளை மட்டும் எடுத்தோம். தட்டத் தொடங்கினால் அந்த இடத்தைத் தாண்டிப் போகும்படி கருவியை அமைத்தோம். சிறிது வாசிக்கவிட்டு, நிறுத்தி, சூடு ஆறவிட்டு, மறுபடி வாசித்தோம். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். நாட்கள் போயின. பெரும்பகுதி வந்த பிறகுதான், விட்டுவந்த காயங்களுக்குத் திரும்பினோம். அவற்றிலும் பாதிக்கு மேல் கொடுத்தது. பிறகு ஒரு மதியம் தட்டல் வேகமாயிற்று. மிஸ் கையை நீட்டி மின்சாரத்தை நிறுத்தினார். அந்த டிஸ்க் அதற்குப் பிறகு எழும்பவில்லை.

அவர் அதன் மீது கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். "நல்லாத்தான் உழைச்சது" என்றார்.

இப்போது எங்களிடம் இரண்டு நகல்கள் இருந்தன. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பெரிது, எந்த டிஸ்க் முதலாவது என்று இரண்டு கேள்விகள். குறிப்பு அழிந்துவிட்டதால் நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். மாஸ்டர் ஒலியைச் சுருக்கிவைக்காமல் அப்படியே பதிந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு டிஸ்க்கின் நகலிலிருந்து ஒலிப்பதிவு போலத் தெரிந்த ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அப்படியே ஓடவிட்டுப் பார்க்கலாம்.

மிஸ் அதற்கு முன் தொலைபேசியை எடுத்தார். எழுந்து நின்றார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் குரலை நாங்க கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கு. அவர்கிட்டச் சம்மதம் கேட்டுச் சொல்றீங்களா?"

அம்மா போய்க் கேட்டு வந்தார். மாஸ்டர் அப்போது எழுத்துப் பலகையில் கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டித்தான் பேசுவார். ஆங்கில இயந்திரக் குரலை அவர் ஒரு முறை கேட்டுவிட்டு, வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாராம். பதில் வர நேரம் எடுத்தது.

"கேக்கட்டாம். ஆனா சிரிக்கக்கூடாதாம்" என்றார் அம்மா.

ஓடவிட்டோம். முதலில் ஒரு ஆணின் தொண்டைச் செருமல். பிறகு, மனைவியைக் கூப்பிடும் தொனியில், "இஞ்சாரும், அந்த–" உடனே, இடைவெளியே இல்லாமல், "–திறவும், காத்து". அவ்வளவுதான். அடுத்த வசனமும் அப்படியே முறிந்து முறிந்து வந்தது. முக்கால் விநாடி பேச்சு, பிறகு ஒரு தாவல். நடுவில் இருக்க வேண்டிய முக்கால் விநாடி மற்ற டிஸ்க்கில்.

மிஸ் தாவல்கள் விழுகிற இடங்களைத் திரையில் அளந்தார். எல்லாத் தாவல்களும் ஒரே தூரத்தில் விழுந்தன. அதுதான் துண்டின் அளவு. அதை வைத்து இரண்டு நகலையும் கோத்து ஓடவிட்டார்.

"சன்னலைக் கொஞ்சம் – இஞ்சாரும், அந்த – வரட்டும் – திறவும், காத்து."

"மாறிக் கிடக்குது மிஸ்" என்றேன்.

"ஆமா. மத்ததுதான் முதலாவது."

டிஸ்க்குகளின் வரிசையை மாற்றினார். விசையைத் தட்டினார்.

"இஞ்சாரும், அந்தச் சன்னலைக் கொஞ்சம் திறவும், காத்து வரட்டும்."

முழு வசனம். ஒரு வெட்டும் இல்லை. அதிகாரமும் செல்லமும் கலந்த ஒரு கனத்த குரல். மிஸ் எழுந்து போய் எங்கள் அறையின் சன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏன் திறந்தார் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. சிரிக்கக் கூடாது என்று மாஸ்டர் சொன்னதை அந்த ஒரு தடவை நாங்கள் மீறினோம்.

இணைப்பு சரியானதும் பதிவுகள் பெயர்களோடு வரிசையாக வந்து நின்றன. காயப்பட்ட பகுதியில் விழுந்த சிலவற்றுக்குப் பெயர் இல்லை. அவற்றுக்குப் பெயர் வைக்க முழுதாகக் கேட்க வேண்டியிருந்தது. அதற்கும் மிஸ் தனியாகச் சம்மதம் வாங்கினார். கதவைச் சாத்தி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நான் கேட்டேன். "முதுகு சொறியும். இன்னும் கொஞ்சம் கீழ." "மருந்து கசக்குது, சீனி தாரும்." "உமக்குக் கால் நோகுமெல்லே, வந்து இரும்." கையும் காலும் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு மனிதன் கம்ப்யூட்டர் முன் இருந்து, நாளைக்குத் தான் மனைவியிடம் என்ன கேட்கவேண்டி வரும், என்ன சொல்லவேண்டி வரும் என்று யோசித்து யோசித்துப் பதிந்த வசனங்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

சில பதிவுகள் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் வந்தன. மிஸ் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, நின்றபடி, வந்தவற்றைச் சொன்னார். வராதவற்றின் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு பெயருக்கும் இடம் விட்டு. கடைசிப் பெயர் 'கோபம் நாலு'.

மறுமுனையில் அம்மா சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. "ஒண்டிலயிருந்து பத்து வரைக்கும் கோபம் பதிஞ்சு வைச்சவர் பிள்ளை. ஒண்டு போனாப் பரவாயில்லை."

வழக்கமாக மீட்டதைக் கூரியரில்தான் அனுப்புவோம். அன்று மிஸ் தன் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாங்க நாதன், எட்மண்டனுக்குப் போவோம்" என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் தொலைக்காட்சிச் சத்தம்தான் முதலில் வந்தது. வீடு அமைதியாய்க் கிடந்தால் பயமாக இருக்கிறது என்று அதை எந்நேரமும் போட்டு வைத்திருப்பதாக அம்மா சொன்னார். மாஸ்டர் சாய்வு நாற்காலியில் இருந்தார். மெலிந்த உடம்பு. கண் மட்டும் எங்களை ஏற இறங்கப் பார்த்தது. சிறியும் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒரு மூலையில் நின்றார். நான் பதிவுகளைக் கருவியில் ஏற்றினேன். திரையில் ஒவ்வொரு வசனமும் ஒவ்வொரு கட்டமாக வந்தது. மாஸ்டர் ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பேசும்.

அம்மா அவர் முன்னால் முழந்தாளில் இருந்தார். "ஏதாவது சொல்லுங்கோப்பா" என்றார். மிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சிறி மூலையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

மாஸ்டரின் கண் பக்கம் பக்கமாகத் தேடியது. ஒரு கட்டத்தில் வந்து நின்றது.

"அந்த ரீவியைக் குறையுமப்பா. காது வெடிக்குது."

அம்மா அழுகையும் சிரிப்புமாக எழும்பினார். "இவ்வளவு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து சொன்னதைப் பாருங்கோ! நான் ஆருக்காகப் போட்டு வைச்சனான்?" என்று தொலைக்காட்சியை நிறுத்தினார்.

கண் மறுபடி தேடியது. "சரி, சரி, கத்தாதையும்."

"கத்துறனோ? நான் கத்துறனோ?"

சிறி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். மிஸ் என் கையைத் தொட்டு வாசலைக் காட்டினார். நாங்கள் சொல்லாமல் வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினோம்.

காருக்குப் பக்கத்தில் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. பொருளை ஒப்படைத்ததற்கு அம்மாவிடம் கையெழுத்து வாங்கவில்லை. அத்தனை வருடங்களில் மிஸ் கையெழுத்தில்லாமல் ஒரு டிஸ்க்கையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

"ஒரு நிமிசம் மிஸ், நான் தட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு வாறன்" என்று திரும்பினேன்.

உள்ளே அம்மாவின் குரல் உயர்ந்தது. அதற்கு மேலாக மாஸ்டரின் குரல் ஏதோ பதில் சொன்னது. மறுபடி அம்மா.

"வேணாம், நாதன்" என்றார் மிஸ். "அவங்க பேசிட்டிருக்காங்க."